மலர்க்கொடி கேட்ட மனு

மலர்க்கொடி இறந்துவிட்டார். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவந்தவர்.

காலையில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில், "இன்று வண்டி வராது, வாளிகளை வெளியே வைக்க வேண்டாம்" என்று வந்தது. ஏன் என்று கேட்டவருக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் பதில். நேற்று சாயங்காலம் நெஞ்சுவலி... வீட்டிலேயே முடிந்துவிட்டதாம்.

அதற்குக் கீழே ஒருவர், "அப்ப நாளைக்கு?" என்று கேட்டிருக்கிறார். நல்ல குரூப்.

என் குணம் இங்கே என் பதிவுகளைப் படிக்கும் பலருக்குத் தெரியும். கல்லூரியில் என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் பெயரை இன்றும் வரிசை தவறாமல் சொல்வேன். நான் எழுதுவதை அந்தக் கணக்கில் வைத்தே படியுங்கள்.

தஞ்சாவூரில் எங்கள் பக்கம் இரண்டு வாளி முறை வந்தபோது மலர்க்கொடியும் வந்தார். காலை ஆறரைக்கு விசில். பிறகு குரல்.

"சோறு, தோலு, காய்கறிக் கழிவெல்லாம் பச்ச வாளி. கவரு, அட்ட, பாட்டில் நீல வாளி. ஒடஞ்ச கண்ணாடி, பிளேடு இருந்தா பேப்பர்ல சுத்தித் தனியா கையில குடுங்க. உள்ள போட்டுடாதீங்க, என் கைதான் உள்ள போவுது."

மூலை வீட்டு அம்மாள் வெள்ளிக்கிழமை குப்பை கொடுக்க மாட்டார். லட்சுமி போய்விடுமாம்.

"லட்சுமிய நான் எதுக்குக்கா தூக்கிட்டுப் போறேன்? நேத்து முருங்கைக்கா சக்கையத்தான கேக்குறேன். நாளைக்கு வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா லட்சுமியே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிரும்."

தெருவே சிரித்தது. நான்கூட.

ஒருநாள் என்னிடம், "சாருக்கு எந்த ஊரு?" என்றார். நன்னிலம் பக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கும் அதான் சார் பொறந்த ஊரு! வீராசாமி மவ."

வீராசாமி... எங்கள் வயலைக் குத்தகைக்கு உழுதவர். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்ற சட்டத்தைக் காட்டி, தாலுகா ஆபீசில் தன் பெயரைப் பதிந்துகொண்டவர். அதன்பின் எங்களால் வரப்பில்கூடக் கால் வைக்க முடியவில்லை.

அப்பா பதினோரு வருடம் கேஸ் நடத்தினார். கடைசியில் கிடைத்த விலைக்கு வீராசாமிக்கே எழுதிக் கொடுத்தோம். அந்தச் சட்டத்தின் நியாயத்தை மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், கோர்ட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மடியில் ஃபைலோடு அப்பா தூங்கிக்கொண்டு வந்ததுதான்.

"நிலம் உங்ககிட்ட இருக்குல்ல, அப்புறம் ஏன் இந்த வேலை?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"நிலம் அண்ணனுங்களுக்கு சார். பொம்பளப் புள்ளைக்கு யாரு குடுத்தா? அப்பா குத்தகை வயல்ல, நான் குத்தகைக் குப்பையில. கான்ட்ராக்டுன்னா அதான சார்?" சிரித்தார். "அவருக்காவது பதிவு இருந்துச்சு."

நான் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து எல்லாக் குப்பையையும் ஒரே கவரில் கட்டிக் கொடுத்தேன். தெரிந்தேதான். இரண்டு நாள் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கேட்டிலேயே வைத்துவிட்டார்.

"இத அப்படியே கொண்டு போனா ஷெட்டுல உக்காந்து நாந்தான் சார் பொறுக்கணும். மக்குறது எது, மக்காதது எதுன்னு ஒரு புரொபசருக்கு நான் சொல்லணுமா?"

எதிர் வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

அன்றே மாநகராட்சிக்குப் புகார் எழுதினேன். மூன்று பக்கம். குடியிருப்போரிடம் மரியாதைக் குறைவு, பணியில் அலட்சியம், குப்பை வாங்க மறுப்பு... ஓர் ஒற்றுப்பிழை கிடையாது.

அவரை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். விசாரணை எதுவும் இல்லை. பதிவில் பெயர் இல்லாதவரை நிறுத்துவதற்கு ஒரு காகிதம் போதும். அந்தக் காகிதம் என்னுடையது.

திரும்பி வந்த அன்று நேராக என் கேட்டுக்குத்தான் வந்தார்.

"சார், உங்க லெட்டர மேஸ்திரி எல்லாரையும் நிக்க வெச்சு சத்தமா படிச்சாரு. தமிழ் அருமையா இருந்துச்சு."

கேட்டைச் சாத்தப் போனேன்.

"கோவமா சொல்லல சார், நெசமாத்தான் சொல்றேன். எனக்கு ஒரு மனு எழுதித் தாங்க. எம்பேர ரிஜிஸ்டர்ல ஏத்தி நிரந்தரம் பண்ணணும்னு. அதே மாதிரி எழுதுங்க. அது ஒடனே வேல செஞ்சுதுல்ல?"

"பாக்கலாம்" என்றேன்.

அதிலிருந்து குப்பையை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தேன். அது சுலபம்.

மனுவை எழுதவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, வாளியை வாங்கும்போது மெதுவாகக் கேட்பார். "சார், அந்த மனு?"

"காலேஜ்ல வேலைம்மா."

"நீங்க நெனச்சா ஒரு நாள்ல எழுதிருவீங்க சார். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். 'அனுப்புநர்' என்று எழுதி, அவர் பெயரையும் எழுதி, 'தந்தை பெயர்' என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டேன். வீராசாமியின் மகளுக்கு என் கையால் ஒரு பதிவா என்று...

போன வாரம் அவர் கேட்கவில்லை. பச்சை வாளியை வண்டியில் கவிழ்த்துவிட்டு, அடியில் தட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்று கமெண்டில் யாரும் கேட்க வேண்டாம். தெரியாது.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். ஊரிலிருந்து அண்ணன்மார் வந்திருக்கிறார்களாம். கோர்ட்டில் பார்த்த முகங்கள். நான் யார் மகன் என்று அவர்களுக்குத் தெரியும்.

வருகிறேன், மலர்க்கொடி.