பதில் வராத மூணு வாரம்

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். தலவாக்கலையில எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீடுகள்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அக்கா அப்படியே எனக்கு நேர் எதிர். காலை மிதிச்சவங்ககிட்டயே "உங்களுக்கு வலிச்சிருச்சா?"ன்னு கேக்கிற ரகம். அதனால, அவளைப் பொண்ணு பாத்துட்டுப் போனவங்க மேல அவளுக்கு வரவேண்டிய கோவமும் சேத்து எனக்கே வந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை டயகம பக்கத்துல இருந்து வேன்ல ஒம்பது பேர் வந்தாங்க. மாப்பிள்ளை ஹட்டன்ல ஒரு மருந்துக் கடையில வேலை. நல்ல மாதிரிதான் தெரிஞ்சார், நிமிர்ந்தே பாக்கல. கேசரி, வடை, முறுக்கு எல்லாத் தட்டும் காலி. கிளம்பும்போது அவரோட அம்மா அக்கா கையப் புடிச்சுக்கிட்டு, "போய் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்"னாங்க. எங்க அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு.

அன்னையில இருந்து அம்மாவோட போன் குசினியில, அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையிலயே இருந்துச்சு. எங்க வீட்டுல சிக்னல் எடுக்கிற ஒரே எடம் அதுதான். கொழுந்து எடுத்துட்டு வந்தா கால் கழுவுறதுக்கு முன்னாடி போனத்தான் பாப்பாங்க. நாங்க யாரும் அதைத் தொடக்கூடாது, அதுல யாருக்கும் கோல் எடுத்துப் பேசக்கூடாது. "அந்த நேரம் பாத்து அவங்க கோல் எடுத்தா?"ன்னு கேப்பாங்க. ஒரு வாரம் போச்சு. ரெண்டு வாரம் போச்சு. ஒரு சத்தமும் இல்ல.

மூணாவது வாரம் திங்கக்கிழமை அக்காவுக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. அவ தோட்டத்து முன்பள்ளியில டீச்சர். நுவரெலியாவுல தங்கிப் படிக்கிற ஒரு வருஷப் பயிற்சிக்கு அவளை எடுத்திருந்தாங்க. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வர்றாளா இல்லையான்னு சொல்லிரணும், இல்லாட்டி அந்த எடம் அடுத்த ஆளுக்குப் போயிரும். அக்கா கடுதாசிய மூணு தடவ வாசிச்சா. அவ முகத்தப் பாத்து எனக்கே அழுகை வந்துருச்சு.

அம்மா மட்டும் தலையாட்டல. "மொதல்ல அவங்க பதில் வரட்டும். நடுவுல நீ நுவரெலியாவுக்குப் போய் உக்காந்துக்கிட்டா அவங்க என்ன நெனைப்பாங்க?" அக்கா சரின்னுட்டு கடுதாசிய மடிச்சு பேக்குக்குள்ள வச்சுக்கிட்டா. அவ சரின்னு சொன்ன விதம் எனக்குப் பொறுக்கல.

நான் அப்ப கொழும்புக் கம்பனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே புரோகிராம் எழுதிக்கிட்டு இருந்தேன். மரக்கறி லொறி டிரைவர்மாருக்கான செயலி. டிரைவர் பட்டன அமுக்கினா, என் புரோகிராம் கம்பனியோட சேர்வர் கம்பியூட்டர்கிட்ட "இன்னைக்கு லீக்ஸ் என்ன விலை?"ன்னு கேக்கணும். பதில் எப்ப வரும்னு தெரியாது. அதுவரைக்கும் புரோகிராம் கையக் கட்டிக்கிட்டு நிக்கக்கூடாது. "பதில் வந்ததும் இதைச் செய்"னு ஒரு துண்டு எழுதி ஒப்படைச்சுட்டு, அதுபாட்டுக்கு மத்த வேலையப் பாக்கணும். அந்தத் துண்டுக்குத்தான் கோல்பேக்னு பேரு. நான் அழகா எழுதி, பெருமையா அனுப்பி வச்சிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்க டீம் லீடர் மிஸ் எனக்குக் கோல் எடுத்தாங்க. சிங்களத்துலதான் பேசுவாங்க, ரொம்ப மரியாதையா, அதனால இன்னும் உறைக்கும். "பதில் வந்தா என்ன செய்யணும்னு எழுதியிருக்கீங்க. வராட்டி?"

"வரும் மிஸ்."

"நான் நெட்ட நிப்பாட்டிட்டுப் பாத்தேன். திரையில அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பாவம், அந்த டிரைவர் எவ்வளவு நேரம் அதைப் பாத்துக்கிட்டு இருப்பார்?"

எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. சேர்வர் முடியாதுன்னு சொன்னா அதுக்கு ஒரு துண்டு எழுதணும். ஒண்ணுமே சொல்லாட்டி, பத்து செக்கன் பாத்துட்டு, "பதில் கிடைக்கல"ன்னு காட்டி டிரைவர விட்டுரணும். முணுமுணுத்துக்கிட்டே அந்த ரெண்டையும் எழுதிட்டு நிமிர்ந்து பாத்தா, அம்மா முந்தானையால ஜன்னல் கட்டையில இருந்த போனைத் தொடைச்சுக்கிட்டு இருக்காங்க. அட கடவுளேன்னு ஆயிருச்சு எனக்கு. லெப்டொப்ப மூடிட்டு நேரா குசினிக்குப் போனேன்.

"அம்மா, லொறி டிரைவருக்குப் பத்து செக்கன்தான் கெடு. அக்கா மூணாவது வாரமா நிக்கிறா!"

"மனுசனும் மெசினும் ஒண்ணாடி? பொண்ணு வீட்டுக்காரங்க நாமளா போய்க் கேக்க முடியுமா?"

"கேக்கவே வேணாம். போன் அதுபாட்டுக்கு அங்க இருக்கட்டும், வந்தா அடிக்கும். ஆனா அக்கா அவ வேலையப் பாக்கட்டும். வியாழக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வராட்டி படிக்க வர்றேன்னு சொல்லிரட்டும்."

அம்மா பதிலுக்கு வாயத் தொறக்கிறதுக்குள்ள, தேங்கா துருவிக்கிட்டு இருந்த அக்கா தலை நிமிராமலே சொன்னா: "வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்."

மணிக்கணக்கே வச்சிருந்திருக்கா கள்ளி!

வியாழக்கிழமை நாலரைக்குப் போன் அடிச்சுச்சு. அம்மா மாவுக் கையோட ஓடினாங்க. போனுக்கு ரிங்டோன் பாட்டு போட்டுக்கங்கன்னு ஒரு விளம்பரக் குரல். அம்மா அதுகிட்டயே ரெண்டு தடவ "யாருங்க பேசுறது?"ன்னு கேட்டாங்க. நான் சிரிப்ப அடக்க முடியாம வாசலுக்குப் போயிட்டேன். அஞ்சு மணி ஆனதும் அக்கா அதே போனை எடுத்து நுவரெலியாவுக்குப் பேசி, வர்றேன்னு சொல்லிட்டா. அம்மா அரை மணி நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்துட்டு, "அங்க குளிர் கூட. ரெண்டு சுவெட்டர் எடுத்துக்க"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை பெட்டி அடுக்கும்போது திரும்பப் போன் அடிச்சுச்சு. மாப்பிள்ளையோட அம்மா! போன்ல காதுல வச்சுக் கேக்கிறது கெட்டுப்போனதால எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவோம், வீடே கேக்கும். அவங்க தம்பியக் கேட்டாங்களாம், தம்பி குடும்பத்துப் பெரியவரக் கேக்கச் சொன்னாராம், பெரியவர் ஜோசியரக் கேக்கச் சொன்னாராம், ஜோசியர் கதிர்காமம் போயிட்டாராம். "எங்களுக்குப் பூரண சம்மதம்ங்க."

கெடு தாண்டி வர்ற பதிலைத் தூக்கிப் போட்டுரணும்னுதான் நான் புரோகிராம்ல எழுதியிருந்தேன். இங்கயும் அதைத்தான் செய்யப் போறேன்னு போனுக்குக் கைய நீட்டினேன். அக்கா முந்திக்கிட்டா.

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் படிக்கப் போறேன். காத்திருங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். நீங்க வேற எடம் பாருங்க."

அம்மா தலையில கைய வச்சுக்கிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா, "நீ நேராச் சொன்னதே பெரிய உபகாரம் தாயி"ன்னாங்க. "போன வருஷம் ரெண்டு வீட்டுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லி அனுப்பினோம். வேணாம்னு கூட யாரும் சொல்லல. எம்மகன் மாசக்கணக்கா போனைக் கையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சான்."

எனக்குச் சப்புன்னு ஆயிருச்சு. மூணு வாரமா சேத்து வச்ச கோவத்த எங்க போய்க் கொட்டுறதுன்னு தெரியல. அந்த மனுசன் நிமிர்ந்து பாக்காம உக்காந்திருந்தது ஞாபகம் வந்து, பாவமா இருந்துச்சு.

அம்மா மெதுவா அக்கா கையில இருந்து போனை வாங்கினாங்க. "பையனுக்கு என்ன நட்சத்திரம்னு சொன்னீங்க? எங்க தோட்டத்து மேல் டிவிசன்ல ஒரு நல்ல பொம்பளப் புள்ள இருக்கு. நான் நாளைக்கே போய்க் கேக்குறேன். புதன்கிழமை நானே உங்களுக்குக் கோல் எடுப்பேன். ஆமான்னாலும் எடுப்பேன், இல்லன்னாலும் எடுப்பேன்ங்க."