காசிக்கு மறுநாள் சாரநாத்

யாத்திரை கூட்டிப்போகிறவனுக்கு இடங்களைச் சுற்றிக் காட்டுவதுதான் வேலை என்று நினைத்து வந்தேன். பாதி நேரம், அழுகிறவர் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுதான் வேலை. இதே பிழைப்பில் இருப்பவர்கள் தலையாட்டுவீர்கள். தொண்ணூறுகளில் திருநெல்வேலியிலிருந்து காசிக்கு ஆட்களை ரயிலில் அழைத்துப் போவேன். கங்கைக்கரைக் காரியங்கள் முடிந்த மறுநாள், வாடகை பஸ்ஸில் நகரத்தின் ஓரத்திலிருக்கும் சாரநாத். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். அங்கேதான் மாட்டிக்கொள்வேன்.

புல்தரையில் அண்ணாச்சி

தச்சநல்லூர் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், விபத்தில் போன ஒரே மகனின் அஸ்தியைக் கரைக்க வந்திருந்தார். கங்கையில் கரைத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மறுநாள் ஸ்தூபிக்கு எதிரே எல்லோரையும் உட்காரவைத்து, "ஆசைதான் துக்கத்துக்குக் காரணம்னு புத்தர் சொன்னது இங்கதான்" என்று வழக்கம்போல ஒப்பித்தேன். அண்ணாச்சி புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் எழுந்துபோன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அவன் ஆசைப்பட்டது ஒரு மோட்டார் சைக்கிளுக்குத்தாம் வே. வாங்கிக் குடுத்தது நாந்தான்."

சுவரோவியம்

ஆழ்வார்குறிச்சி டீச்சரின் கணவர், காசிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போனவர். டீச்சர் படித்துறை முழுக்க அவர் போட்டோவைச் சாமியார்களிடம் காட்டி அலைந்தார். பலனில்லை.

சாரநாத் புத்தர் கோயிலுக்குள், தூங்கும் மனைவியையும் பிள்ளையையும் விட்டு சித்தார்த்தர் கிளம்பும் ஓவியத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். சமாதானமாக இருக்கட்டுமென்று, ஞானம் பெற்றபின் புத்தர் ஊருக்கு வந்து மனைவியைப் பார்த்த கதையைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"இவராவது திரும்பி வந்தார்லா, தம்பி."

உள்ளே வராத சமையல்காரர்

எங்கள் சமையல்காரர் சுடலை அண்ணன் எத்தனையோ முறை சாரநாத் வந்திருக்கிறார்; கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. வெளியே பஸ் பக்கத்தில் அடுப்பைப் பற்றவைத்துச் சமைப்பார். இளவயதில் தம்பியோடு கொழும்பில் ஹோட்டல் வேலை பார்த்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் தம்பி போய்விட்டான். அதற்குமேல் சொல்லமாட்டார்.

ஒருநாள் வயதான பிக்கு ஒருவர் இருமிக்கொண்டே வந்து, சைகையால் வெந்நீர் கேட்டார். இலங்கைக்காரர். அண்ணன் சிங்களத்திலேயே பதில் சொல்லவும் பிக்குவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஏதோ கேட்டார். அண்ணன் தம்ளரை நீட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். சிரிப்பு போய்விட்டது. பிக்கு குடிக்காமல் தம்ளரைப் பிடித்தபடி நின்றார். பிறகு தம்ளரைக் கீழே வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, பைய நடந்து உள்ளே போனார்.

"என்னண்ணே சொன்னீங்க?" என்றேன்.

"கொழும்புல எங்கன இருந்தேன்னு கேட்டாரு. தம்பியை எரிச்ச தெருவைச் சொன்னேன். அவரு அழுதுட்டாரு வே, எனக்குத்தான் வரமாட்டேங்கு."

புத்தர் அங்கே முதன்முதலில் பேசியது ஐந்தே பேரிடம். என்னைப்போல பஸ் நிறைய இப்படித் துக்கப்பட்ட ஆளைக் கூட்டிப்போயிருந்தால் அவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.