லயத்துக்கு மட்டும் கறுப்புப் பட்டி

இன்னைக்கு காலையில ஹட்டன்ல எங்க ஸ்டூடியோவுக்கு ஒரு அரசியல்வாதியோட இணைப்பாளர் வந்தாரு. அந்த அரசியல்வாதி ஐயா போன கிழமை பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுங்க, அந்த லயங்களைப் பாத்தாராம். அந்த வீடியோவ நான்தான் எடிட் பண்றேன்.

"தம்பி, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி போடுங்க. சினிமா மாதிரி இருக்கும்"னாரு.

சரின்னு முழு வீடியோவுக்கும் போட்டுக் காட்டினேன். மனுசன் பதறிட்டாரு.

"ஐயோ, ஐயா வர்ற எடத்துல வேணாம். பின்னால இருக்கிற அவரோட கட்டவுட் வெட்டுப்படுது பாருங்க. லயம் வர்ற கிளிப்புக்கு மட்டும் போடுங்க."

அப்பதான் வெளங்குச்சு, இவரோட சினிமா ரசனை எதுக்குன்னு.

ஒவ்வொரு கிளிப்பா எடுத்துப் போட்டேன். மேல் பட்டியில கூரையோட ஓட்டைத் தகரமும், அது பறக்காம இருக்க வச்ச கல்லும் மறைஞ்சுது. கீழ் பட்டியில வாசல்ல ஓடுற சாக்கடைக் கான் தண்ணி மறைஞ்சுது.

அதுவும் பத்தல.

"கீழ இன்னும் கொஞ்சம் தடிப்பா போடுங்க தம்பி. புள்ளைங்க செருப்பில்லாம நிக்கிறது தெரியுது."

"செருப்பு வாங்கிக் குடுத்தா பட்டியே தேவையில்லையே சேர்"னேன். கேக்காத மாதிரி போனைப் பாத்தாரு.

இப்ப லயத்துல மிச்சம் இருக்கிறது, ஐயாவைப் பாத்து சிரிக்கிற மூஞ்சியும் கும்பிட்ட கையும் மட்டும்தான். "ஆ, இப்பதான் சரி"ன்னு கெளம்பிட்டாரு.

இத்தனை வருசமா ஒரு தகரம் மாத்தாதவங்க, இன்னைக்கு எல்லா லயத்துக்கும் கறுப்புல புதுக் கூரை போட்டுட்டாங்க. மழை வந்தா ஒழுகுதான்னு அந்தப் பக்கம் இருக்கிறவங்க கமெண்ட்ல சொல்லுங்க.