கடைசி ஆட்டமும் சாமத்தியவீட்டுக் கசெற்றும்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. தொண்ணூறுகளில், கனடாவில், எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் இருந்தது ஒரே ஒரு ரீவி. கிழமையில் ஆறு நாள் பக்டரியில் நின்று முறியும் எனக்கு, ஞாயிறு மத்தியானம் அமெரிக்கன் ஃபுட்போல் பார்ப்பதுதான் ஒரே சந்தோசம். ஏரிக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க அணிதான் என் அணி. அன்று டிசம்பர் மாதத்துக் கடைசி ஆட்டம். வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் அவ்வளவுதான்.

பாதி ஆட்டம் முடிந்திருந்தபோது கணவரின் அக்கா, என் மச்சாள், மகளோடு வந்து இறங்கினார். போன் அடித்துவிட்டு வரும் பழக்கம் எங்கள் சனத்துக்கு ஏது? கையில் மகளின் சாமத்தியவீட்டு வீடியோ. பெரியபிள்ளையானவளை மண்டபத்தில் மேடையேற்றியது போதாதென்று, வீடு வீடாகப் போட்டுக் காட்டவும் வேண்டும்.

"கவனம், இது ஒண்டுதான் இருக்கு" என்றார் மச்சாள்.

"உந்தக் கோதாரியை நிப்பாட்டிப்போட்டுத் தேத்தண்ணியைப் போடும்" என்றார் கணவர் என்னிடம். எறிந்த பந்து இன்னும் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் கசெற்றைப் போட்டுவிட்டார்கள். திரையில் பிள்ளையின் தலையில் பால் வார்த்தார்கள்.

நான் பாத்திரங்களை அடித்து வைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை குசினிக்குள் வந்தாள்.

"மாமி, இது ஒன்பதாவது வீடு. நாளைக்குப் பிக்கரிங்கிலை ஒரு வீடாம். எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கு."

பதின்மூன்று வயது! முன்பின் தெரியாத அங்கிள்மார் வடை கடித்தபடி பார்க்க, அவளும் பக்கத்தில் இருந்து சிரிக்க வேண்டுமாம். வெட்கம் கெட்ட சனம்!

எல்லாரும் சாப்பாட்டு மேசையில் ஊர்க்கதையில் மூழ்கியதும், கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றினேன். ஆட்டத்துக்கு மாற்றி, பதிவுசெய்யும் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். பிள்ளை பார்த்தாள். என் பக்கத்தில் வந்து இருந்தாள். என் அணி கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டது, அறுந்துபோவார்!

அடுத்த நாள் மச்சாள் பிக்கரிங்கிலிருந்து போனில் கத்தினார்.

"பிள்ளையைக் காணேல்லை, தடியங்கள்தான் விழுந்து உருளுறாங்கள்! தான்தான் தெரியாமல் அமத்தினதாம் எண்டு உவள் அழுறாள். முதுகிலை ரெண்டு போட்டனான்."

எனக்குத் தலை கொதித்தது.

"இனிப் பிள்ளையிலை கை வைச்சியளெண்டால் தெரியும். நான்தான் அழிச்சனான். தெரிஞ்சுதான் அழிச்சனான்."