மல்லிகைக்கு நிழல் இட்டது

இதை வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் வணக்கம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. பிறகு நான் அறிந்த தமிழெல்லாம் கடைப் பலகைகளில் எழுத்து வரைந்தும், பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களை விரித்து வாசித்தும் சேர்த்தது. பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும். நான் சொல்ல வந்தது, கணினித் திரையில் சிறு சிறு சதுரங்களை அடுக்கி ஒரு மல்லிகைச் சரம் வரைய நான் பட்ட பாடு.

எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறி, மரங்களை வீழ்த்தி எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது, குடும்பத்தோடு ஈப்போ நகருக்கு வந்தேன். எழுபதுகள் முழுவதும் லாரிகளுக்கும் கடைகளுக்கும் பெயர் எழுதிப் பிழைத்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், மருந்துக்கடை ஒன்றின் பலகையை எழுதிக்கொண்டிருக்கையில் ஏணி சறுக்கிற்று. உடைந்த இடுப்பெலும்பு கூடியது. ஏணி ஏறும் வலு மட்டும் திரும்பவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை தேடிப் பல கடைகள் ஏறி இறங்கினேன்.

திருமணங்களை வீடியோ எடுக்கும் கடை ஒன்றை நடத்திய தமிழர், என்னைவிட இளையவர், என்னை அழைத்தார். ஒளிநாடாவின் தொடக்கத்தில் மணமக்கள் பெயரும் பூவும் வரவேண்டும் என்பதற்காக அவர் ஒரு கணினி வாங்கியிருந்தார்.

"அண்ணே, உக்காந்தே வரையலாம். ஏணி வேணாம் லா," என்றார், எங்கள் ஊர் வழக்கப்படி முடிவில் 'லா' சேர்த்து.

அந்த இயந்திரத்துக்கு எட்டு நிறங்களே தெரியும். இளஞ்சிவப்பும் சாம்பலும் அரக்கும் அதனிடம் இல்லை. இல்லாத நிறம் வேண்டுமானால், இருக்கிற இரண்டு நிறங்களைப் புள்ளி புள்ளியாக மாற்றி மாற்றி வைக்கவேண்டும்; தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைக் கலந்து மூன்றாவது நிறமாக எடுத்துக்கொள்ளும். செய்தித்தாள் படத்தை மூக்கருகே பிடித்தால் தெரியும் புள்ளிகளும் இவ்வகையே. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, பின்னர் விசைப்பலகையைத் தட்டி ஒவ்வொரு சதுரமாக நிரப்புவேன். மாலைக்குள் கண்ணில் நீர் வடியத் தொடங்கும்.

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். மகளின் திருமண நாடாவுக்கு மல்லிகைச் சரம் வேண்டும், பின்னணி கூறைச் சேலையைப்போல் அரக்காக இருக்கவேண்டும் என்று கேட்டார். நானும் வரைந்தேன். வெள்ளைப் பூவின் நிழலுக்குக் கறுப்புப் புள்ளிகள் தூவினேன். அரக்குக்குச் சிவப்பையும் கறுப்பையும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்பினேன். என் முன்னிருந்த சிறிய திரையில் அது எனக்கு நிறைவாகவே தோன்றியது.

அம்மையார் பார்க்க வந்தபோது, முதலாளி படத்தைக் கடையின் பெரிய தொலைக்காட்சியில் போட்டார். புள்ளிகள் நடுங்கின. பின்னணி முழுவதும் ஊர்ந்தது.

"என்னாண்ணே இது, பூவுல எறும்பு மொய்க்குது?" என்றார் அம்மையார்.

"நிழலும்மா," என்றேன்.

"நெழலா? இது நேத்து கட்டுன பூவு. கல்யாணத்துக்கு யாராச்சும் வாடுன பூவ வைப்பாங்களா? பின்னால வேற கொசுவல கட்டி வச்சிருக்கீங்க. அதுவும் சும்மா இல்லாம நெளியுது."

முதலாளி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அக்கா, கம்ப்யூட்டர்ல போட்டா இப்பிடித்தான் லா. கோலாலம்பூர்ல கூட இதே மாதிரிதான்."

"கோலாலம்பூர்க்காரவங்க வாடுன பூவ வச்சிக்கட்டும். எம் மவளுக்கு வேணாம். மாத்தி வையுங்க, ஞாயித்துக்கெழம வாரேன்."

அவர் போனபின் முதலாளி தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு என் முகத்தைப் பாராமல், "அண்ணே, முன்னால வந்தவங்க மாதிரி இவங்களும் வேணாம்னுட்டா இந்த மெசின வித்துடலாம்னு இருக்கேன். பேர அட்டையில ஒட்டிப் படம் புடிச்சிக்கலாம்," என்றார். அட்டையில் ஒட்டுவதற்கு அச்செழுத்து போதும், நான் தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பு வழக்கத்தைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் கறுப்பை எடுத்துவிட்டு மஞ்சள் புள்ளிகள் வைத்தேன். பூ பழுத்துவிட்டது. மல்லிகை பழுப்பாகுமுன் மஞ்சளாகும் என்பது பூக்கடைப் பக்கம் போன எவருக்கும் தெரியும். நிழலே வேண்டாமென்று எல்லாவற்றையும் அழித்தேன். கத்தரித்து ஒட்டிய வெள்ளைக் காகிதமாய் நின்றது.

அன்று வீட்டுக்குப் போனபோது என் மனைவி பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"என்னா, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு?"

சொன்னேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, நீலம் கரைத்த வாளியில் ஒரு வெள்ளைச் சட்டையை முக்கி எடுத்தாள்.

"வெள்ள பழுப்பேறுனா நீலந்தானே போடுறோம்? ஒங்க பூவையும் கொண்டாங்க, ஒரு முக்கு முக்கித் தாரேன்," என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். ஆயினும் கொடியில் தொங்கிய சட்டையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மடிப்புகளில் இருந்த நிழல் கறுப்பாக இல்லை, மெல்லிய நீலமாக இருந்தது. அதனால் சட்டை அழுக்காகத் தெரியவில்லை. இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. வேறொன்றையும் அப்போது கண்டேன். நிழல் மடிப்பின் உள்ளே மட்டும் இருந்தது. நானோ ஒவ்வோர் இதழுக்கும் கீழ்வலப்புறம் நிழல் வைத்திருந்தேன். பலகையில் எழுத்து எடுப்பாகத் தெரிவதற்காக வைக்கும் நிழல் அது. பல ஆண்டுகள் எழுத்துக்கு நிழல் வைத்த கை, பூவையும் எழுத்தாகவே எண்ணிவிட்டது.

மறுநாள் எல்லா இதழ்களையும் மீண்டும் தொடங்கினேன். ஓர் இதழ் மற்றோர் இதழின்மேல் படியும் இடத்திலும், காம்பையொட்டிய குழியிலும் மட்டும், அந்த எட்டில் ஒன்றான வெளிர்நீலத்தில் புள்ளிகள். இதழின் நுனிகளைத் தூய வெள்ளையாக விட்டேன். பின்னணியில் கறுப்பு இருந்த இடத்தில் நீலத்தை வைத்தேன். சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. ஒற்றைப் புள்ளிகள்தாம் தொலைக்காட்சியில் நடுங்கின என்பதால், இரண்டிரண்டாய்ச் சேர்த்துச் செங்கல் சுவர்போல வரிசை மாற்றி அடுக்கினேன். பூவை நெருங்க நெருங்கப் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, பூவைச் சுற்றி வெறும் சிவப்பாகவே நிறுத்தினேன். அதுவரை பின்னணிப் புள்ளிகள் இதழின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தன. அதனாலும் பூ வாடித் தெரிந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுந்து, கடையின் மறுகோடிக்கு நொண்டிச் சென்று தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த நடைதான் வரைவதைவிட என்னை அயர்த்தியது.

ஞாயிற்றுக்கிழமை அம்மையார் வந்தார். படத்தைப் போட்டதும், "கிட்ட போயிப் பாருங்கக்கா," என்றார் முதலாளி.

"வேணாம். வீட்டுல தூரமா ஒக்காந்துதானே பாப்போம்," என்று சுவரோரப் பெஞ்சில் அமர்ந்தார். பின்பு என்னிடம், "கறுப்பு எங்கயாச்சும் இருக்கா?" என்றார்.

"இல்லம்மா. எடுத்துட்டேன்."

"அந்த ஓரத்துப் பூவு மட்டும் கொஞ்சம் வாட்டமா தெரியுது."

அவர் கண்முன்னே அந்தப் பூவிலிருந்து சில புள்ளிகளை அழித்தேன். விசை மாறித் தட்டியதில் ஒன்று தவறி, மறுபடி வைத்து, மறுபடி அழித்தேன். முதலாளி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ம்," என்றார் அம்மையார். "இப்ப தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு. இதையே போடுங்க."

அவ்வளவே. எழுந்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். இயந்திரத்தை விற்பது பற்றி முதலாளி அதன்பின் பேசவில்லை. "அண்ணே, அடுத்தது தைப்பிங் கல்யாணம். ரோஜா கேக்குறாங்க," என்றார். மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ கண்ணை மூடிச் சற்றுப் படுத்தால் போதும் என்றிருந்தது. சரியென்று தலையசைத்தேன்.

அதே நாற்காலியில் எண்பதுகள் முடியும்வரை அமர்ந்திருந்தேன். ரோஜாவும் தாமரையும் செம்பருத்தியும் வரைந்தேன். எந்த வெள்ளைப் பூவுக்கும் கறுப்பு வைக்கவில்லை. பிறகு நிறங்கள் மிகுந்த இயந்திரம் வந்தது. புள்ளி வைக்கும் தேவை தீர்ந்தது. என் கண்ணின் கூர்மையும் ஏறக்குறைய அப்போதே தீர்ந்தது.

அண்மையில் அந்த வீடியோக் கடை முதலாளியைச் சந்தித்தேன். பழைய நாடாக்களில் பெரும்பாலானவற்றைப் பூஞ்சை தின்றுவிட்டது என்றார். அந்த மல்லிகைச் சரமும் அவற்றுள் இருக்கக்கூடும். கட்டத்தாளை நான் வைத்திருக்கவில்லை. அந்தச் சரம் இருந்தது என்று சொல்ல இந்தப் பக்கங்களே உள்ளன. ஆதலால் ஐயா, அம்மா, வாசித்து முடித்தபின் இதை எறிந்துவிடாமல், ஈரம் படாத ஓரிடத்தில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.