எல்லாருக்கும் போன வியாழக்கிழமை

எங்கள் கன்டெய்னர் யார்டில் லீவு கேட்கவும் ஷிஃப்ட் மாற்றவும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. கேன்டீனில், கை கழுவும் தொட்டிக்கும் டீ பாய்லருக்கும் நடுவே அதை வைத்திருந்தார்கள். போர்ட்டல் என்று பெயர். திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னைப் போல அங்கே நிறையப் பேர். அதனால் டைம் ஆபீஸ் அண்ணன் ஒரு காரியம் செய்தார். தன் வீட்டுக்காரம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்து கீபோர்டின் மேல் வரிசைப் பொத்தான்களில் ஒட்டினார். சிவப்புப் பொட்டு லீவு. பச்சைப் பொட்டு ஷிஃப்ட் மாற்றம். கறுப்புப் பொட்டைத் தொடவே கூடாது.

பச்சையை அமுக்கி, என் டோக்கன் நம்பரையும் எனக்குப் பதிலாக நிற்கப் போகிறவரின் டோக்கன் நம்பரையும் போட்டால் வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு முடிந்தது. எனக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பம். போயிற்றா, சரியான ஆளுக்குப் போயிற்றா என்று சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒரு தடவை என் டோக்கன் நம்பரில் ஒரு எண் மாறி, கிரேன் ஓட்டுகிற ஒருவருக்கு அவர் கேட்காத லீவைக் கொடுத்துவிட்டேன். சண்டைக்கு வருவார் என்று இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் பிடித்துவிட்டார். கையில் ஒரு வடையைத் திணித்து, "மாசத்துக்கு ஒரு தபா இந்த மாதிரி தப்பு பண்ணு நைனா, உனுக்குப் புண்ணியமா போவும்" என்றார்.

யார்டு, திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. நான் கேட் செக்கர். டிரெய்லரில் வருகிற ஒவ்வொரு கன்டெய்னரின் நம்பரையும் கதவில் அடித்த சீல் பூட்டையும் பார்த்து, எங்கேயாவது நசுங்கியிருந்தால் எழுதி, வண்டியை உள்ளே விட வேண்டும். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட்.

வீடு எண்ணூர் ஆற்றோரக் குப்பத்தில். முகத்துவாரத்துக்கு உள்ளே இறால் நன்றாக ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகையால் இன்ன நாளில் இன்ன குடும்பம் என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்தால், பட்டியலில் பேர் உள்ள ஆள் நேரில் வந்து இறங்க வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த இடம் அந்த வீட்டுக்கு. எங்கள் வீட்டுக்குப் பட்டியலில் உள்ள பேர் என்னுடையது.

தண்ணீரைப் பார்த்துத்தான் பாடு எந்த நாள் என்று முடிவு செய்வார்கள். நாலைந்து நாளுக்கு முன்புதான் தெரியும். யார்டில் லீவு கேட்பதற்கோ பதினைந்து நாள் முன்னால் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஒரே வழி பச்சைப் பொட்டு.

அந்த வருஷம் இரண்டு பாடு தவறவிட்டிருந்தேன். ஒன்று காய்ச்சலில் போயிற்று. இன்னொன்றுக்கு யார்டில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. மூன்றாவதும் தவறினால், இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தாலும் சரி, எங்கள் பேர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். மறுபடி மேலே ஏறி வர வருஷங்கள் ஆகும். அந்த மூன்றாவது பாடு ஒரு வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. அதே வாரத்தில்தான் யார்டில் பழைய போர்ட்டலை நிறுத்திவைத்து, போனில் வருகிற புது ஆப்பை ஓட்டிப் பார்த்தார்கள்.

எது வேண்டும் என்று தொழிலாளிகளே சொல்லட்டும் என்று ஹெச்.ஆர். மேடம் மூன்று பேரை நியமித்தார். மேடம் வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. டைம் ஆபீஸ் அண்ணன் பழையதன் பக்கம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற என் தோஸ்து, வியாசர்பாடிக்காரன், புதியதன் பக்கம். மூன்றாவது ஆள் நான். ஏன் என்னைப் போட்டார் என்று கேட்டதற்கு மேடம் சிரித்துக்கொண்டே, "உங்களால முடிஞ்சா எல்லாராலயும் முடியும்ணா" என்றார். அது பாராட்டா இல்லையா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் என்னை இழுத்தார்கள். அண்ணன் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"இத்தினி வருசமா அந்தப் பொட்டி உனுக்கு இன்னா கொற வச்சுது? மயை பேஞ்சா கொஞ்சம் நின்னுபூடும். அவ்ளோதான? உனுக்குப் புரியலன்னா பக்கத்துல நான் கீறேன். போனுக்குள்ள யாரு கீறான்?"

தோஸ்து பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். "மாமு, அதுல எல்லாம் தமிழ்ல வருது. வூட்ல படுத்துகினே லீவு போடலாம். அந்த ஆளு பேச்சக் கேக்காத, பொட்டு ஒட்டுற வேலை பூடும்னு பேஜார்ல கீறாரு."

இரண்டும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. தமிழில் வருவது பெரிய விஷயம். 'விடுப்பு', 'பணிமுறை மாற்றம்' என்று நானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். ஆனால் அந்த ஆப், முகத்தைக் காட்டு என்கிறது, எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறது. நான் ஆற்றுக்குள் நிற்பது மேடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? போன் தண்ணீரில் விழுந்தால் எனக்கு வேலையே இல்லை என்று காட்டுமா? வீட்டில் இதையெல்லாம் அடுக்கினேன். என் வீட்டுக்காரி இறால் உரித்தபடியே கேட்டாள்: "ஏன்யா, மத்தவங்கல்லாம் போன்ல கல்யாணமே பண்ணிக்கினு கீறாங்க. உனுக்கு ஒரு பட்டன அமுக்க இம்மாம் ரோசனையா?"

திங்கட்கிழமை டிரெய்னிங் ரூமில் எங்கள் மூவரையும் உட்காரவைத்தார்கள். ஆப்பை விற்கிற கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வந்திருந்தார். மேடம் பக்கத்திலேயே தன் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, சும்மா டெஸ்ட்டுக்கு வேணாம். உங்களுக்கு நிஜமாவே தேவைப்படற ஒரு ரிக்வெஸ்ட் போடுங்க" என்றார் அந்தத் தம்பி.

எனக்கு நிஜமாகத் தேவைப்பட்டது ஒன்றுதான். 'பணிமுறை மாற்றம்' என்பதைத் தொட்டேன். வியாழக்கிழமை காலை ஷிஃப்ட் என்று போட்டேன். 'யாருக்கு அனுப்ப வேண்டும்?' என்று கேட்டது. கீழே வரிசையாகப் பேர்கள், கடைசியில் 'அனைவருக்கும்' என்று ஒரு பட்டன். யோசிக்கவே இல்லை. அதை அமுக்கினேன்.

அடுத்த நொடி அந்த ரூமில் இருந்த எல்லாப் போனும் கத்தியது. வெளியே கேன்டீனில் கத்தியது. யார்டுக்குள் கிரேனுக்கு மேலே இருந்து யாரோ, "இன்னாபா இது, கேட்டுல நிக்க என்னிய கூப்டுறான்!" என்று கத்தினார். கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, "நான் வந்தா சோறு யாரு வடிக்கிறது?" என்று கேட்டார். ஆபீசில் இருக்கிற பெரியவர்கள் வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்தபோது என் போனை இரண்டு கையாலும் பொத்தினேன்.

"ஓ, இங்கதான் 'ஏற்கிறேன்'னு வருமா?" என்று கேட்டுக்கொண்டே மேடம் தன் போனில் அதைத் தொட்டார்.

என் போனில் பச்சையாக ஒரு வரி வந்தது. எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தேன். "பணிமுறை மாற்றப்பட்டது. வியாழன் காலை, கேட் செக்கர்: மேலாளர், மனிதவளம்."

தோஸ்து மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. டைம் ஆபீஸ் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, "இத்தினி வருசத்துல நம்ம பொட்டி இப்டி ஒரு வேலை பண்ணிச்சா?" என்றார்.

டை கட்டிய தம்பி பதறிவிட்டார். "சாரி மேடம், இப்பவே கேன்சல் பண்ணிடறேன். அந்த 'அனைவருக்கும்' பட்டனையே தூக்கிடறேன். யாருமே அதை யூஸ் பண்றதில்ல."

கேன்சல் என்றதும் எனக்கு வியாழக்கிழமையே கேன்சல் ஆன மாதிரி இருந்தது. நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன்.

"வேணாங்க. கேன்சல் பண்ணாதீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாடு என்றால் என்ன, இரண்டு தவறிவிட்டது, இது மூன்றாவது என்று சொன்னேன். "அப்ப ஒரு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாமே, எதுக்கு எல்லாருக்கும்?" என்று மேடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எங்க ஆத்துல பழக்கம் அப்டிங்க மேடம். ஒருத்தனுக்குப் பாடு வந்து அவனால போவ முடியலன்னா, வலை தைக்கிற எடத்துல எல்லாரும் இருக்கசொல்ல சத்தமா சொல்லுவான். மொதல்ல கைய தூக்குறவனுக்கு அந்த நாளு. தனியா போயி ஒருத்தன கேக்க மாட்டோம். கேட்டா அவனால மாட்டேன்னு சொல்ல முடியாது. கேக்கலன்னா இன்னொருத்தன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். பச்சைப் பொட்டுல இதான் கஷ்டம். நம்பரு போடணும்னா மொதல்ல ஒருத்தன் கால்ல வுழணும். போன தபா நாலு பேரு கால்ல வுழுந்தேன். இதுல 'அனைவருக்கும்'னு பாத்தேன். நம்மூரு மாதிரி கீதேன்னு அமுக்கிட்டேன்."

இவ்வளவு நீளமாக நான் பேசி அண்ணனே கேட்டதில்லை. மேடம் தன் போனில் வியாழக்கிழமையைத் தேடித் திறந்தார்.

"வியாழக்கிழமை கேட்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"ஆறுங்க."

"ஹெல்மெட் எங்க வாங்கணும்?"

தோஸ்து சிரிப்பை நிறுத்திவிட்டான்.

வியாழக்கிழமை வெளுக்கும்போது நானும் மச்சானும் இடுப்பளவு தண்ணீரில் வலை கட்டிக்கொண்டிருந்தோம். எதிர்க்கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. பட்டியல் வைத்திருக்கிற பெரியவர் படகில் வந்து என்னைப் பார்த்து, "வந்துட்டியா, செரி" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அதோடு என் கவலை தீர்ந்திருக்க வேண்டும். கவலையோ இடம் மாறி யார்டு கேட்டுக்குப் போய் நின்றுகொண்டது. டிரெய்லர்காரன் மேடத்தைத் திட்டினால்? சீல் நம்பரைத் தப்பாக எழுதினால்? பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால்? "ஒழுங்கா கயித்தப் புடி மாமா, எறா ஓடிடப் போவுது" என்று மச்சான் இரண்டு தடவை அதட்டினான்.

முதல் வலையில் பரவாயில்லாமல் வந்தது. அடுத்த வலை மத்தியானம்தான். "ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று ஈரக் கைலியோடு பைக்கை எடுத்தேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான்.

கேட்டில் டிரெய்லர்கள் நீளமாக நின்றன. கண்வரைக்கும் இறங்கிய மஞ்சள் ஹெல்மெட்டோடு மேடம் ஒரு கன்டெய்னரின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டைம் ஆபீஸ் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் கெஞ்சினான்.

"யக்கா, அது போன வாரமே நசுங்குனதுக்கா. என் தலையில கட்டாதக்கா."

"போன வாரம் நசுங்கினதுன்னு இன்னிக்கு எழுதலன்னா, நாளைக்கு உன் தலையிலதான்பா விழும். இரு."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "உன்னவிட மோசம்பா. ஒவ்வொண்ணத்தையும் நாலு தபா பாக்குறாங்க."

மேடம் திரும்பினார். வேர்வையில் முகம் பளபளத்தது. "இங்க என்ன பண்றீங்க?"

"சீலுக்குப் பின்பக்கமும் பாக்கணும். அத்த சொல்ல மறந்துட்டேன்."

"பாத்தாச்சு. அண்ணா, இப்பவே சொல்லுங்க. பழசா புதுசா? ரெண்டையும் வச்சுக்க முடியாது."

டைம் ஆபீஸ் அண்ணன் டீயை இறக்கிவைத்தார். அவரைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அவரைப் பார்த்தே சொன்னேன்.

"புதுசு. ஆனா அந்தப் பட்டன் இருக்கணும். அண்ணாத்தே கேன்டீன்ல அதே எடத்துல ஒக்காந்து எங்களுக்குச் சொல்லித் தரணும். போனு இல்லாதவனுக்கு அவரு போட்டுத் தரணும்."

"நம்ப வச்சுக் கழுத்த அறுத்துட்டியே" என்றார் அண்ணன். ஆனால் டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "செரி, அந்த ஆப்ப என் போன்ல ஏத்திக் குடு. பேரன் போட்ட கேம்லாம் வேற அதுல அடைச்சுகினு கீது."

மேடம் போனில் ஏதோ குறித்துக்கொண்டார். பட்டன் இருக்கும் என்றார். நான் ஹெல்மெட்டை வாங்கக் கையை நீட்டினேன். மிச்ச ஷிஃப்டைப் பார்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம். அவர் பின்னால் நகர்ந்தார்.

"ரெண்டு மணி வரைக்கும் இது என் ஷிஃப்ட். பொழுது சாயற வரைக்கும் அங்க உங்க ஷிஃப்ட். கிளம்புங்க."

அடுத்த டிரெய்லர் ஹாரன் அடித்தது. மேடம் கையைக் காட்டி அதை நிறுத்தினார். நான் பைக்கை ஆற்றுப் பக்கம் திருப்பினேன். இரண்டாவது வலைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.