ஹனீப் பாய் கடையின் பழைய பாஸ்வேர்டு

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஹனீப் பாயைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் கடையில் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ வாங்காமல் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் குறைவு. ஹெல்மெட், கையுறை, இரும்பு மூக்கு வைத்த ஷூ என்று கீழே கடை, மாடியில் வீடு. ஐம்பத்தாறு வயது மனிதருக்கு ஊரறிந்த குணங்கள் இரண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையை எதற்காகவும் விட்டதில்லை. தன் பொருளை ஓசியில் ஒருவன் தொட்டால் தாங்கவும் மாட்டார்.

வீட்டுக்கு வைஃபை வந்தபோதும் அதே கதைதான். "பாஸ்வேர்டு வெளிய போச்சின்னா பஜாரே நம்ம நெட்ல படம் பார்க்கும்" என்று மகன் ரஷீதிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி முபீனாவுக்கும் மகள் உமைராவுக்கும்கூடச் சொல்லக் கூடாது, எனக்கும் வேண்டாம், மறந்து எங்காவது உளறிவிடுவேன் என்றார். ரஷீத் ஒவ்வொரு போனையும் வாங்கித் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தான். நெட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் ஆப் ஒன்றையும் வாப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தான். அதில் ஐந்து பெயர்கள் வரும்: ஹனீப், முபீனா, உமைரா, ரஷீத், பிரிண்டர். பில் அடிக்கிற மெஷினைத்தான் பிரிண்டர் என்கிறான் என்று நினைத்துப் பாயும் நிம்மதியாக இருந்தார்.

அந்த ரஷீத் ஏழு மாதத்துக்கு முன்னால், கடையில் உட்கார மாட்டேன், இரும்பு உருக்குகிற ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றான். கடையில் நாலு பேர் இருந்த நேரம். "எவன் கம்பெனிக்கோ போறவனுக்கு இந்த ஊட்ல இன்னா வேல? இனிமே இந்தப் படி ஏறாத" என்று பாய் கத்திவிட்டார். கத்தத் தெரிந்த மனிதருக்குக் கூப்பிடத் தெரியவில்லை. பையன் பையை எடுத்துக்கொண்டு போனான். சிம்மை மாற்றினான். எங்கே தங்குகிறான் என்று ஒருவருக்கும் தெரியாது.

அவன் போன மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்னால் நின்றபடி பாய் சும்மா அந்த ஆப்பைத் திறந்தார். 'ரஷீத், 1.08க்கு இணைந்தது, 1.36க்கு விலகியது.' சிம் மாறினாலும் போன் அதே போன். நெட் எட்டுகிற தூரத்தில், அவர் இல்லாத நேரம் பார்த்து, பையன் வந்து போயிருக்கிறான். அடுத்த வெள்ளியும் வந்தான். அதற்கடுத்த வெள்ளியும் வந்தான்.

பாய் யாரிடமும் மூச்சு விடவில்லை. முபீனாவிடம் சொன்னால் தெருவுக்கு ஓடுவாள், அவள் ஓடினால் பையன் வருவதையே நிறுத்திவிடுவான் என்று தமக்குத் தாமே நியாயம் சொல்லிக்கொண்டார். அதில் பாதி வெறும் வீம்பு. ஆனால் வாரம் முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் காத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் வெள்ளிக்கிழமைச் சோறு அவருக்கு இறங்கும்.

போன வியாழக்கிழமை கையுறைச் சரக்கு பார்க்க மீஞ்சூர் போயிருந்தார். காலேஜ் வகுப்பு பாதியில் நின்று நின்று போகிறது, புது ரூட்டர் வேண்டும் என்று உமைரா நச்சரித்துக்கொண்டிருந்ததற்கு அன்றைக்குத்தான் கேபிள் ஆபீசிலிருந்து பார்த்திபன் வந்தான். அவன் சொன்னதையெல்லாம் அவள் ஒழுங்காகச் செய்தாள். பழைய டப்பாவை ஊசியால் குத்தி ரீசெட் செய்தால்தான் ஆபீசில் திரும்ப எடுப்பார்கள், செய்தாயிற்று. போன்களில் பழைய நெட்டை அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் குழப்பும், அழித்தாயிற்று. சாயங்காலம் வாப்பா வந்ததும், அவர் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் அவர் போனிலும் வேலையை முடித்து நீட்டினாள்.

"உமைரா ஃபைவ்ஜின்னு பேர் வெச்சிருக்கேன் வாப்பா. பறக்குது."

பாய் ஆப்பைத் திறந்தார். மூன்றே பெயர்கள் இருந்தன.

"பழசு இன்னா ஆச்சி?"

"அது போயிடுச்சி. இன்னாத்துக்கு அது?"

பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பையன் வருவான். அவன் போன் தேடும், கிடைக்காது. வாப்பா பாஸ்வேர்டை மாற்றிவிட்டார், படியிலிருந்து விரட்டியது போதாதென்று இதிலிருந்தும் வெட்டிவிட்டார் என்று நினைப்பான். ஏன் நினைக்க மாட்டான்? அப்படிச் செய்யக்கூடிய ஆள்தானே அவர். இனி அவன் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டான், வந்தாலும் தமக்குத் தெரியப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பார்த்திபனைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

"பேரு பழசையே வெச்சிடலாம் பாய், 'ஹனீப் ஸ்டோர்'னு. பாஸ்வேர்டும் அதே இருந்தாத்தான் பழைய போனு தானா ஒட்டிக்கும். இன்னா பாஸ்வேர்டு?"

"அது தெரிஞ்சா உன்ன ஏன் கூப்புடறேன்?"

"போன்ல சேவ் ஆயிருக்குமே."

"நீதான அழிக்கச் சொன்ன."

பார்த்திபன் தலையைச் சொறிந்தான். பாய் ஒரு ஷூ அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். ரஷீத் பிறந்த தேதி. அவன் பைக் நம்பர். முபீனா பெயர். அவன் படித்த பள்ளிக்கூடம். பதினோரு வரி வந்தது.

"ஒண்ணொண்ணா போட்டுப் பாரு."

"போட்டுப் பார்த்து இன்னா பாய் தெரியும்? பழைய பூட்டே இல்ல. இப்ப நாம வெக்கறதுதான் பூட்டு. அதுல சாவி சேருதா இல்லையான்னு அந்தப் போனு வந்தாத்தான் தெரியும். வெக்க முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு. எதுன்னு சொல்லுங்க."

பதினோரு வரியில் ஒரு வரி. அதுவும் அந்தப் பதினொன்றில் இருந்தால்தான். தப்பாகப் போனால், பையன் வரவில்லையா, வந்தும் அவன் போன் ஒட்டவில்லையா என்றுகூடத் தெரியாது. அந்த நேரம் பார்த்து எதிரில் டீக்கடை நடத்தும் சின்னப்பொண்ணு படியருகே வந்து நின்று, "பாய், ஒண்ணு கேட்டா கோச்சிக்கக் கூடாது" என்று இழுத்தாள்.

"அப்புறம் வா. உயிர எடுக்காத" என்று எரிந்து விழுந்தார். அவள் முகம் சுண்டித் திரும்பிப் போனாள்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. மூடியில் வரிகள் பத்தொன்பது ஆயின. வேறு வேலை இருக்கிறது என்று பார்த்திபன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். முபீனா மாடியிலிருந்து இறங்கி வந்து, மகனுடைய பிறந்த தேதியை அட்டையில் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டாள். பாய் சொல்லிவிட்டார். பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

முபீனா அழுவாள் என்று பார்த்தார். அவள் அழவில்லை.

"ஏழு மாசமா நான் சோறு திங்காம கெடக்கறத பார்த்துக்கினே இருந்தீங்க."

"சொல்லியிருப்பேன்..."

"எப்போ?"

புருஷனை வையக்கூட நேரம் இல்லை என்பதுபோல் முபீனா தெருவைப் பார்த்தாள். "காலைல அந்தச் சின்னப்பொண்ணு வந்துட்டுப் போனத மேல இருந்து பார்த்தேன். இன்னாத்துக்கு வந்துச்சி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவளைக் கூப்பிட்டாள்.

சின்னப்பொண்ணு வந்தாள். பாயைப் பார்க்காமல் முபீனாவிடம் பேசினாள்.

"நேத்துல இருந்து நெட்டு வர்லம்மா. ரஷீத் தம்பிதான் குடுத்துச்சி. பாய்க்குத் தெரிஞ்சா சத்தம் போடுவாரு, பிரிண்டர்னு பேர் போட்டுக்கறேன்க்கான்னு சொல்லுச்சி."

வேறொரு நாளாக இருந்தால் பாய் கத்திப் பஜாரையே கூட்டியிருப்பார்.

"பாஸ்வேர்டு தெரியுமா உனக்கு?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தெரியாம இன்னா? போனு மாத்தும்போது நான்தான அடிக்கறேன். உங்க நெம்பருதான் பாய்." கையைத் தூக்கிக் கடைப் பலகையைக் காட்டினாள். பெயருக்குக் கீழே, ஒரு முழ உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் அவருடைய பத்து இலக்க போன் நம்பர் எழுதியிருந்தது.

பத்தொன்பது வரி எழுதியிருந்தார். மகனுக்குப் பிடித்ததையெல்லாம் தேடித் தேடி எழுதினார். அதில் தம்மைச் சேர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. முகத்தைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையை எடுத்தவர் அதை இறக்குவதற்கு நேரமாயிற்று.

பார்த்திபன் பெயரையும் நம்பரையும் அடித்து முடித்தான். சின்னப்பொண்ணு போனைப் பார்த்து, "வந்துடுச்சி" என்றாள். பிறகு, இனி மறைத்து என்ன என்று, மிச்சத்தையும் சொன்னாள். "வெள்ளிக்கெழம நம்ம கடைலதான் தம்பி குந்திக்கினு இருக்கும். அம்மா மேல துணி காயப் போடறத பார்த்துக்கினே டீ குடிக்கும். நீங்க வர்ற நேரத்துக்கு எழுந்து பூடும். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சி."

முபீனா வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குள் திரும்பிப் போனாள்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அவர் போனால்தான் பையன் வருவான். பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். டீக்கடை வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய் நின்றார்.

"சின்னப்பொண்ணு. அவன் வந்தா..."

"இன்னா சொல்லட்டும் பாய்?"

வீட்டுக்கு வரச் சொல் என்று சொல்லத்தான் வந்தார்.

"பாஸ்வேர்ட நான் மாத்தலன்னு சொல்லு" என்றார்.

தொழுகையில் அன்றைக்கு என்ன ஓதினார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வெளியே வந்து கூட்டத்துக்கு நடுவில் போனைத் திறந்தார். ரஷீத், 1.06க்கு இணைந்தது. பெயருக்குப் பக்கத்தில், இன்னும் நெட்டில்தான் இருக்கிறான் என்று காட்டும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எப்போதும் இந்நேரம் அது அணைந்திருக்கும். 1.40 ஆயிற்று. 1.45 ஆயிற்று. புள்ளி அணையவில்லை.

பாய் கடைப்பக்கம் நடந்தார். தெருமுனை வந்த பிறகுதான், வலது காலில் இருப்பது வேறு யாருடைய செருப்போ என்று தெரிந்தது. திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளாமல் அப்படியே நடந்தார்.